பனிக்குப் பயந்து

மரியே வாழ்க

தஞ்சாவூர்
20.11.1996

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து வெகு நாளாகிவிட்டது. தினமும் எடுத்துப் படிக்கிறேன், பதில்தான் எழுதவில்லை. திட்டாதே. நானும் டேவியும் சுகம். அத்தானுக்குக் காலில் வந்த கட்டி ஆறிவிட்டதா? உனக்குப் பள்ளிக்கூடத்தில் அரைப்பரீட்சை வேலை ஆரம்பித்திருக்கும்.

டிக்கெட் வந்துவிட்டது. ஜனவரி முடிவதற்குள் நானும் டேவியும் கனடாவில் போய் இறங்க வேண்டுமாம்; தாண்டினால் விசா செல்லாது. அவர் மே மாதம் போனதால் நல்ல வெயிலில் இறங்கினார். நாங்கள் போகிற நேரத்தில் வின்னிபெக்கில் மைனஸ் முப்பதாம். "முப்பதா, மைனஸ் முப்பதா?" என்று போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். "நீதானே பி.எஸ்ஸி. பிசிக்ஸ், நீயே சொல்லு" என்று சிரிக்கிறார்.

கல்யாணமான புதிதில் அவரோடு மஸ்கட்டுக்குப் போனபோது எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை. பருத்திப் புடவை, வேர்க்குரு பவுடர், நார்த்தங்காய் ஊறுகாய், பெட்டி மூடியாகிவிட்டது. வெயில் நமக்குத் தெரிந்த விஷயம். குளிருக்கு எப்படிப் பெட்டி கட்டுவது என்று இந்தத் தஞ்சாவூரில் யாரைக் கேட்பேன்? நான் ஊட்டிக்குக்கூடப் போனதில்லை. ரயிலடிப் பக்கம் பிளாட்பாரத்தில் திபெத்காரர்கள் கம்பளிக் கடை போட்டிருக்கிறார்கள். டேவிக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவும் வாங்கினேன். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் பெரிதாகவே. கடைக்காரம்மாவிடம், "மைனஸ் முப்பது தாங்குமா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தஞ்சாவூர் தாங்கும்" என்றாள்.

டேவிக்குப் போன வாரம் மறுபடியும் இழுப்பு. இந்தக் கார்த்திகை ஈரத்துக்கே மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வருகிறது. மார்கழிப் பனிக்கு நாம் ஜன்னல் இடுக்கில் துணி அடைக்கிறோம். அங்கே ஊரே பனிக்கட்டி. அவரைக் கேட்டால், "வீட்டுக்குள்ள ஒண்ணும் தெரியாதும்மா, ஹீட்டர் இருக்கு" என்கிறார். நம் வீட்டு ஹீட்டர் ஒரு வாளித் தண்ணீருக்கே திணறுகிறது. வெளியே அவ்வளவு குளிர் அடிக்கும்போது வீட்டுக்குள் மட்டும் எப்படித் தெரியாமல் இருக்கும்? என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்.

திருச்சியில் எங்கள் பேப்பர்களைப் பார்க்கிற ஏஜென்ட், "குழந்தை அப்புறம் வந்தாலும் போதும்மா, அப்பா அம்மா அங்க இருந்தா அதுக்கு விசா தானா வரும்" என்றார். சும்மா சொன்னேன்.

சுண்ட வத்தல் எவ்வளவு எடுத்துப் போகலாம்? நல்லெண்ணெய் அங்கே உறைந்துவிடுமா? உனக்குத் தெரிந்திருக்காது, இருந்தாலும் கேட்கத் தோன்றுகிறது.

உன் தங்கை
எல்சி


குடவாசல்
27.11.1996

அன்புள்ள எல்சி,

கட்டி உடைந்துவிட்டது. உன் அத்தான் நடக்கிறார்; நடந்து போய் வரப்பில் நிற்கிறார். எனக்கு எப்போதும் உள்ள தலைவலிதான், புதிதாக ஒன்றும் இல்லை.

வத்தலைப் பற்றி எழுதவா இத்தனை நாள் எடுத்துக்கொண்டாய்? "சும்மா சொன்னேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் கடிதம். மீதியெல்லாம் வத்தல்.

கூட்டிக்கொண்டு போ. அதுதான் சரி. பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பாதி இழுப்பு அடங்கும். இது டீச்சராக நான் சொல்வது. அக்காவாகச் சொல்வது வேறு. உனக்கு அவ்வளவு பயமாக இருந்தால் என்னிடம் விட்டுவிட்டுப் போ. ஒரு குளிர்காலம்தானே, ஈஸ்டர் கழித்து வந்து கூட்டிக்கொள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த வீட்டு வாசலில் சின்னச் செருப்பு ஒன்று கிடந்து நான் பார்த்ததில்லை. இந்த வரியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன், அடித்தால் மசி திட்டாகத் தெரியும். இருக்கட்டும்.

எப்படியிருந்தாலும் பெட்டியை இங்கே கொண்டுவா. நம் தெரு ரைஸ் மில் தராசில் நிறுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் அத்தான். "நெல்லு மூட்டைக்குப் பொய் சொல்லாத தராசு, ஏரோப்ளேன்காரனுக்கு மட்டும் சொல்லப்போவுதா" என்கிறார்.

புழுங்கலரிசியில் புதுசு வேண்டாம், குழையும். பழைய அரிசி நான் தருகிறேன்.

அக்கா
அருள்மேரி


வின்னிபெக்
23.2.1997

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. உடனே எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் "டேவி" என்று எழுதியதும் பேனா நின்றுவிடுகிறது. இருவரும் சுகம்தானே? அவர் உங்களை மிகவும் விசாரித்தார். "புள்ளைய ஏன் விட்டுட்டு வந்தே?" என்று ஏர்போர்ட்டில் ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை.

கார் கிளம்பியபோது அவன் கையசைத்தானே, நான் கும்பகோணத்துக்குக் கறிகாய் வாங்கப் போகிறேன் என்று நினைத்துத்தானே? அன்றைக்கு எப்போது அழுதான்? அழவே இல்லை என்று எழுதாதே. அழுதுகொண்டே இருந்தான் என்றும் எழுதாதே.

மில்லில் பெட்டிகளை நிறுத்த பிறகு அத்தான் டேவியைத் தூக்கித் தராசில் நிற்க வைத்தார், நினைவிருக்கிறதா? "இதையும் சேத்தாக்கூட லிமிட் தாண்டாதும்மா" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இங்கே உட்கார்ந்து யோசிக்கிறேன்.

வெளியே நீங்கள் நினைத்துப் பார்க்க முடியாது. மூக்கு மயிர் கம்பி மாதிரி விறைக்கிறது. கண்ணீர் வந்தால் இமை ஒட்டிக்கொள்கிறது, அதனால் வெளியில் போகும்போது எதையும் நினைக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். தேங்காயெண்ணெய் வெளி ஷெட்டில் கல். சமையலறையில் வைத்தது மட்டும் நம் ஊரைப் போலவே ஊற்றுகிறது. துவைத்த துணியைக் காலையில் நாற்காலி மேல் போட்டால் மத்தியானம் மொடமொடவென்று காய்ந்துவிடுகிறது. மாடியில் ஒரு பிலிப்பைன்ஸ்காரம்மா. அவள் குழந்தை டேவி வயசு, ஜட்டியோடு படியில் ஏறி இறங்கி ஓடுகிறது.

அக்கா, பனி இறங்கும் முன் ஜன்னலைச் சாத்திவிடு. தலைக்கு ஊற்றும் அன்று நொச்சி போட்ட வெந்நீர். வேளாங்கண்ணி எண்ணெயை நெஞ்சில் தடவு. வாழைப்பழம் மத்தியானத்துக்கு மேல் கொடுக்காதே. எல்லாம் உனக்குத் தெரியும். எழுதினால் நான் செய்த மாதிரி இருக்கிறது.

எல்சி


குடவாசல்
2.4.1997

அன்புள்ள எல்சி,

உயிர்ப்புத் திருநாள் வாழ்த்துகள். உன் கடிதம் வந்தது. இந்தத் தடவை நான் தாமதம். அறுப்பு, தூற்றல், நெல் விற்பனை, அப்புறம் முழுப்பரீட்சை என்று போய்விட்டது. டேவி நன்றாக இருக்கிறான். நடுவில் கொஞ்சம் சளி இருந்தது, சரியாகிவிட்டது.

அன்றைக்கு அவன் சாயந்திரம் வரை அழவில்லை. விளக்கு வைத்ததும் உன் பெயரைச் சொன்னான். "அம்மா" என்று இல்லை, "எல்சி" என்று. அத்தான் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறான். பிறகு என் மடியில் தூங்கிப்போனான். இவ்வளவுதான் நடந்தது.

ஒரு வழக்கம் வந்திருக்கிறது அவனுக்கு. ஜன்னல் திறந்திருந்தால்தான் தூங்குகிறான். சாத்தினால், "பெரிம்மா, தவக்களை வெளிய நிக்குது" என்கிறான். வாய்க்கால் தவளைச் சத்தம் உள்ளே வரவேண்டும். நீ சொன்ன மாதிரி சாத்திப் பார்த்தேன், முட்டி முட்டி அழுகிறான். திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

மாடி வீட்டுக் குழந்தை ஜட்டியோடு ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அத்தானிடம் காட்டினேன். அப்படியென்றால் வீட்டுக்குள் குளிரவே இல்லையா, எல்சி?

ஈஸ்டர் ஆகிவிட்டது. எப்போது வருகிறாய் என்று எழுது. திடுமென்று வந்து நிற்காதே.

அக்கா


வின்னிபெக்
15.6.1997

அன்புள்ள அக்கா,

நலம். நலமா? இங்கே புல் முளைத்துவிட்டது, ஜனங்கள் அரைக்கால் சட்டையில் அலைகிறார்கள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

டேவிக்கு விசா கேட்கப் போனோம். அங்கே உட்கார்ந்திருந்த பெண் பேப்பர்களைப் புரட்டிவிட்டு, "உங்களோடு சேர்ந்து வந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்" என்றாள். அவனுக்குக் கொடுத்த விசா ஜனவரியோடு செத்துவிட்டதாம். இனி நாங்கள் ஸ்பான்சர் செய்து முதலிலிருந்து போட வேண்டும். ஒரு வருடமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். தானாக வரும் என்று சொன்ன அந்தத் திருச்சி ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். "அப்படியா சொன்னேன்?" என்று கேட்டார். அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அவர் சொன்னதை நம்ப வேண்டும் என்று நான்தானே காத்திருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி டேவியின் அப்பா, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தார்.

அவனுடைய பிறப்புச் சான்றிதழ், ஞானஸ்நானச் சான்றிதழ் இரண்டின் நகலும் வேண்டும். புதிதாகப் போட்டோ எடு. போட்டோவுக்குக் கண்ணுக்கு மை வேண்டாம், இவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மை இல்லாமல் அவன் எப்படி இருப்பான் என்று எனக்கே தெரியாது.

சளி என்று எழுதினாயே, இழுப்பா? வெறும் சளியா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு அக்கா.

எல்சி


குடவாசல்
20.8.1997

அன்புள்ள எல்சி,

மாதா பரலோகத் திருநாளுக்குப் பூண்டிக்குப் போய் வந்தோம். உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினேன். சான்றிதழ் நகல்களும் போட்டோவும் இத்துடன். போட்டோக்காரர், "சிரிக்காதடா" என்றதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கடைசியில் கிடைத்தது இதுதான்.

கான்வென்டில் எல்.கே.ஜி. சேர்த்திருக்கிறேன். வயசு கொஞ்சம் குறைவுதான், நான் டீச்சர் என்று சிஸ்டர் எடுத்துக்கொண்டார்கள். அம்மா பெயர் என்ன என்று கேட்டதும் உன் பெயரைத்தான் சொன்னேன்.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் அவனை வயலுக்குத் தூக்கிப் போகிறார். சேற்றோடு திரும்புகிறான். "கனடாவுல சேறு இருக்குமா?" என்று கேட்கிறான். பனிக்கட்டி இருக்கும் என்றேன். "ஐஸ்காரர் நெறைய பேரா?" என்றான்.

நீ கேட்டதற்குப் பதில்: சளிதான்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. பரவாயில்லை.

அக்கா


வின்னிபெக்
28.12.1997

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸ் அன்று போன் செய்தது நல்லதாகப் போயிற்று. ஹலீமா அக்காவுக்கு நன்றி சொல். அவர் வீட்டுப் போன் இல்லாவிட்டால் உங்களை யார் கூப்பிட்டுத் தருவார்கள்? திருநாள் சமையலில் அவருக்கும் பங்கு கொடுத்தனுப்பியிருப்பாய்.

டேவி போனில், "அம்மா, யாரோ ஆன்ட்டி பேசுறாங்க" என்று உன்னைக் கூப்பிட்டானே, அதை நான் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளை. லைனில் என் குரலும் ஒரு மாதிரி கேட்டிருக்கும். நீ உடனே, "குடில் ஜோடிச்சோம், ஆட்டுக்குட்டிக்குக் கால் ஒடைஞ்சுபோச்சு" என்று பேச்சை மாற்றினாய். மாற்றியிருக்க வேண்டாம்.

விசா ஃபைல் நகர்கிறது என்கிறார்கள். டாக்டர் செக்கப்புக்குச் சென்னைக்கு வரச் சொல்வார்கள். அவன் உயரம் எவ்வளவு? தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்து அனுப்பு. பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. பனி பூட்ஸ் இப்போதே வாங்கினால் தள்ளுபடி. நான் விட்டுவந்த சிவப்புக் கம்பளிச் சட்டை இப்போது சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு சைஸ் பெரிதாகத்தானே வாங்கினேன்.

கை அளவு, கால் அளவு, தலைச் சுற்றளவு. மறக்காதே.

எல்சி


குடவாசல்
8.2.1998

அன்புள்ள எல்சிம்மாவுக்கு அத்தான் ஜேசுராஜ் எழுதுவது. எல்லோரும் சுகம். சகலைக்கு என் அன்பைச் சொல்லவும்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கூட்டுறவு சொசைட்டிக்கு மனுதான் எழுதுவேன். தப்பு இருந்தால் உன் அக்காவிடம் சொல்லாதே, சிவப்பு மையில் திருத்துவாள்.

உன் கடிதம் வந்து அவள் மேஜையில் கிடக்கிறது. பதில் எழுதுவதாகத் தெரியவில்லை. "எழுதேன்டி" என்றால், "அளவெடுத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்கிறாள். பிள்ளைப் பாதத்தைத் தாளில் வரைந்தாள். வரைந்ததைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதனால் நானே வேறொன்று வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். கோணலாக இருக்கும், பிள்ளை நெளிந்துவிட்டான்.

போன வருடம் தை மாதம், நீ போய்ச் சில நாளில், களத்தில் நெல் தூற்றும்போது இவன் பக்கத்தில் விளையாடினான். அன்றைக்கே மூச்சு இழுத்துவிட்டது. கும்பகோணத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் சொன்னார்: "இவனுக்குக் குளிர் ஒண்ணும் பண்ணாதுங்க. தூசியும் ஈரமும்தான் ஆகாது. நெல்லுத் தூசி சுத்தமா ஆகாது." அறுப்பு நேரத்தில் நான் இப்போது இவனைத் தாராசுரத்தில் என் தங்கை வீட்டில் கொண்டு விட்டுவிடுகிறேன். அதனால் இந்த வருடம் ஒன்றும் இல்லை.

உனக்கு எழுதச் சொன்னேன். "தவிச்சுப்போயிருவா, தூரத்துல இருக்கா" என்றாள். அது உண்மை. அதோடு இன்னொன்றும் இருக்கும். குளிர் அவனை ஒன்றும் செய்யாது என்று தெரிந்தால் நீ நாளைக்கே வந்து நிற்பாய் அல்லவா.

அவன் அம்மா என்று கூப்பிடுவது போன மழைக்காலத்திலிருந்து. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளையும் அப்படிக் கூப்பிடுவதைப் பார்த்து வந்தது. முதலில் திருத்தினாள். பிறகு ஒருநாள் திருத்தவில்லை. நானும் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. கோபித்தாலும் என்னைக் கோபித்துக்கொள்.

ஜேசுராஜ்


வின்னிபெக்
குருத்தோலை ஞாயிறு, 1998

அன்புள்ள அக்கா,

அத்தான் கடிதம் வந்தது. கோபம் இல்லை. இருந்தது, இத்தனை நாள் எழுதாமல் இருந்ததில் அது தீர்ந்துவிட்டது.

நீ ஒன்று கேட்டிருந்தாய், வீட்டுக்குள் குளிரவே இல்லையா என்று. இல்லை அக்கா. குளிரவே இல்லை. முதல் நாள், ஏர்போர்ட்டிலிருந்து வந்து கதவைத் திறந்ததும், சித்திரை மாதத்தில் நம் சமையல்கட்டில் நிற்பது போல இருந்தது. அவர் பனியனோடு நின்று, "நான்தான் சொன்னேனே" என்றார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை நான். அந்த நிமிஷமே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் நீ "அப்புறம் ஏண்டி விட்டுட்டுப் போனே?" என்று கேட்பாய். நீ கேட்க மாட்டாய், நான் கேட்டுக்கொள்வேன்.

நம் ஊரில் வெளியே இருக்கிற காற்றுதான் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. வெளியே ஈரம் என்றால் உள்ளே சுவரும் ஈரம். வேறு மாதிரியும் வீடு இருக்கும் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. பிசிக்ஸ் படித்தேன்.

அத்தான் வரைந்த பாதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். சுண்டுவிரல் ஒன்று காணவில்லை. பூட்ஸ் வாங்கிவிட்டேன்.

எல்சி


குடவாசல்
14.11.1998

அன்புள்ள எல்சி,

மழை. கடிதம் நனைந்து வந்தால் அதுதான் காரணம். உன் கடிதத்துக்கு நான் பதில் எழுதவே இல்லை. போனில் பேசியதெல்லாம் விசாவும் மெடிக்கலும்தான். மன்னித்துக்கொள் என்று எழுத உட்கார்ந்தேன், இரண்டு பேரில் யார் யாரிடம் கேட்பது என்று விளங்கவில்லை.

விசா வந்துவிட்டது. தேதியைப் பார்த்து உன் அத்தான் சிரித்துவிட்டார். ஜனவரிக்குள் இறங்க வேண்டுமாம். மறுபடியும் அதே தை மாதம், அதே குளிர். அந்த வருடமே அனுப்பியிருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை.

நீ கூட்டிப்போக வருவதாகப் போனில் சொன்னாய். ஒரு வேண்டுகோள். நீ வராதே. உன் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் வரட்டும். நீ வந்து வாசலில் நின்றால் என்னால் அவனைத் தூக்கிக் கொடுக்க முடியாது. நீயும் அழுவாய், நானும் அழுவேன், பிள்ளை எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நிற்பான். அவன் எந்தப் பக்கம் ஓடினாலும் நம் இரண்டு பேரில் ஒருத்திக்கு அதைப் பார்க்கிற தெம்பு இல்லை. ஆம்பளை என்றால் பைக்கில் ஒரு சுற்று என்று ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

இதை நான் கேட்டேன் என்று பின்னால் வருத்தப்படுவேன். இருந்தாலும் கேட்கிறேன்.

அக்கா


குடவாசல்
ரெமிஜியஸ் கையில் கொடுத்தனுப்புவது

எல்சி,

உனக்குப் பிடித்த வத்தல், பழைய அரிசி, கறிவடகம் பெரிய பெட்டியில். மில் தராசில் நிறுத்தாகிவிட்டது. டேவியும் ஏறி நின்றான். அத்தான் இந்தத் தடவை விளையாட்டாக ஒன்றும் சொல்லவில்லை. "எறங்குடா" என்று மட்டும் சொன்னார்.

சின்னப் பெட்டி அவனுடையது. மேலே நீலக் கம்பளிச் சட்டை, கழுத்துவரை பொத்தான் வைத்தது, நான் கும்பகோணத்தில் வாங்கியது. அதைப் போட்டுத்தான் விமானம் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். நீ வாங்கிய சிவப்பு அடியில் இருக்கிறது. கை முழங்கையோடு நிற்கிறது, இனிமேல் போட முடியாது. புதுசாகவே இருக்கிறது. இந்த ஊரில் அதற்கு ஒரு நாள்கூட வேலை வரவில்லை. எறியவும் மனசில்லை.

இட்லிக்குச் சர்க்கரை தொட்டுக்கொள்வான். தலைவாரும்போது வலது பக்கம் வகிடு. ராத்திரி ஜெபத்தில் "எங்கள் அனுதின உணவை" வந்ததும், "இட்லி" என்று சத்தமாகச் சொல்வான். திட்டாதே, கடவுள் திட்டவில்லை. ஜன்னல் விஷயம் உனக்குத் தெரியும்.

அவனிடம் சொல்லிவிட்டேன். கனடாவில் இருப்பதுதான் உன் அம்மா, நான் பெரியம்மா என்று. கேட்டுக்கொண்டான். "அப்ப இவ்ளோ நாளா?" என்றான். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

சுகமாகப் போய்ச் சேர்ந்ததும் எழுது. வழக்கம் போல் தாமதிக்காதே. இந்த ஒரு தடவை.

அக்கா


வின்னிபெக்
17.1.1999

அன்புள்ள அக்கா,

பார், உடனே எழுதுகிறேன். நேற்று வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் சுகம். வழியில் இழுப்பு இல்லை, வாந்தி இல்லை. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு. ஏர்போர்ட் வாசலில் அந்தக் காற்று முகத்தில் அடித்ததும் நான் அவன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு, வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்துச் சிரித்தான். என்னைப் பார்த்து இல்லை, புகையைப் பார்த்து.

நன்றாக வளர்ந்திருக்கிறான். வகிடு அழகாக எடுத்திருந்தாய், கலைந்தும் தெரிந்தது.

வீட்டுக்குள் வந்ததும் அவருக்கும் எனக்கும் வியர்த்தது. டேவிக்கும் வியர்த்தது, நெற்றியில் முத்து முத்தாக. அந்த நீலச் சட்டையைக் கழற்ற விடமாட்டேன் என்கிறான். பொத்தானில் கை வைத்தால் இரண்டு கையாலும் பொத்திக்கொள்கிறான். "அம்மா போட்டுவுட்டது" என்கிறான். அவர், "அம்மா இங்கதானடா இருக்கா" என்று ஆரம்பித்தார். நான் பேசாமல் இருங்கள் என்று கண்ணைக் காட்டினேன். நேற்று முழுக்கச் சட்டையோடுதான் இருந்தான். இப்போதும் சட்டையோடுதான். பயப்படாதே, உள்ளே துண்டு வைத்து ஒற்றி எடுக்கிறேன், அதற்கு மட்டும் சம்மதிக்கிறான்.

இட்லிக்குச் சர்க்கரை வைத்தேன். "ஒங்களுக்கு எப்டித் தெரியும்?" என்று கேட்டான். உங்களுக்கு! என்ன மரியாதை அக்கா, எவ்வளவு நன்றாக வளர்த்திருக்கிறாய். இந்த வரியை எழுதிவிட்டு அடிக்கலாம் என்று பார்த்தேன். மசி திட்டாகும் என்று நீதான் ஒரு தடவை எழுதியிருந்தாய்.

இப்போது மத்தியானம். அவன் உடம்பு இன்னும் குடவாசல் கணக்கில் இருக்கிறது, கண் சொருகுகிறது, தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தான். கடைசியில் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, ஜன்னலத் தொறங்க" என்றான்.

இந்த ஊரில் இந்த மாதத்தில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. அவர் வேலைக்குப் போயிருக்கிறார், இருந்தால் விட்டிருக்க மாட்டார். பழைய காலத்து மரச்சட்டம், மேலே தூக்கித் திறப்பது. உறைந்து போயிருந்தது. தட்டித் தட்டித் தூக்கினேன். தூக்கியது நிற்கவில்லை, கையை எடுத்தால் விழுந்துவிடுகிறது. முட்டுக் கொடுக்க ஏதாவது வேண்டும். அவன் பெட்டி பக்கத்தில்தான் திறந்து கிடந்தது. சிவப்புச் சட்டையை எடுத்து நன்றாக மடித்துச் சட்டத்துக்கு அடியில் வைத்தேன். நின்றுகொண்டது.

காற்று கத்தி மாதிரி உள்ளே வருகிறது. தவளைச் சத்தம் இல்லை, தெரு பனிக்கு அடியில் கிடக்கிறது. ஆனாலும் தூங்கிவிட்டான். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன், கை விறைக்கிறது, எழுத்து கோணினால் மன்னித்துக்கொள். அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஒரு சத்தமும் இல்லை அக்கா. ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

எழுந்ததும் பெரியம்மாவைக் கேட்பான். என்ன சொல்லட்டும்? நீ சொல்வதையே சொல்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். உன் தலைவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

எல்சி